ஆர்கேட் ஸ்டிக்கை நம் கைக்கேற்ப மாற்றியமைத்தல்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ சண்டை விளையாட்டுகளுக்கான ஆர்கேட் ஸ்டிக்கைப் பயணப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு உப்புவெளி, பாலையூற்று, கிண்ணியா எனப் பல பக்கங்களிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தைக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதை விட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன். நான் இதைத் தொழிலாகச் செய்பவன் அல்லன். என் கையால் கழற்றிப் பூட்டிப் பார்த்தவற்றையே இங்கே சொல்கிறேன்.

வாங்கிய ஸ்டிக்கை அப்படியே வைத்து விளையாடினால் என்ன?

தாராளமாக விளையாடலாம். மாற்றியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் ஆர்கேட் ஸ்டிக் என்பது இடப்பக்கம் ஒரு லீவர், வலப்பக்கம் ஆறு அல்லது எட்டு பட்டன்கள், உள்ளே அவற்றின் அசைவுகளை விளையாட்டு இயந்திரத்துக்குச் சொல்லும் மின்சுற்றுப் பலகையான ஒரு போர்ட், இவற்றைத் தாங்கும் ஒரு பெட்டி என நான்கே பகுதிகளால் ஆனது. இவற்றில் லீவரும் பட்டன்களும் விளையாட்டு நிலையங்களில் நின்ற பெரிய இயந்திரங்களுக்காகப் பொது அளவுகளில் செய்யப்பட்டவை. ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோர் இழுத்து அடிக்கும் இயந்திரத்தில் ஒரு பட்டன் பழுதானால் அதை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்ட வேண்டியிருந்தது. அந்த வசதிதான் இன்று நமக்கு வாய்த்திருக்கிறது. ஜப்பானியப் பட்டன்களின் துளை பெரும்பாலும் 30 மில்லிமீற்றர், சிறியவற்றுக்கு 24 மில்லிமீற்றர். எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் இந்த அளவு பொருந்தினால் எந்த நிறுவனத்தின் பட்டனையும் பூட்டிக்கொள்ளலாம்.

மலிவான ஸ்டிக்குகள் சிலவற்றில் மட்டும் பட்டன்கள் போர்ட்டோடு சேர்த்தே பற்றாசு பிடிக்கப்பட்டிருக்கும். வாங்குவதற்கு முன் அடிப்பக்கத்தைத் திறந்து பார்க்க முடியாவிட்டாலும், உள்ளே எடுத்த படம் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள்.

எதை முதலில் மாற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை உங்கள் ஸ்டிக்கில் இல்லை, நீங்கள் தோற்ற ஆட்டங்களில் இருக்கிறது. ஒரு வாரம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எந்த அசைவு வரவில்லை, அதற்குப் பதிலாக என்ன வந்தது. அதன் பிறகு விளையாட்டின் பயிற்சிப் பகுதிக்குச் சென்று, நீங்கள் கொடுத்த திசைகளையும் பட்டன்களையும் திரையின் ஓரத்தில் காட்டும் வசதியை இயக்கிவிட்டு அதே அசைவை இருபது தடவை செய்து பாருங்கள். முன்னே நடக்க நினைத்தபோது பாத்திரம் குதித்தால், லீவர் மேல்மூலைக்கு வழுவுகிறது என்று பொருள். அது லீவரின் தளர்வாகவும் இருக்கலாம், நீங்கள் பிடிக்கும் முறையாகவும் இருக்கலாம். ஒருமுறை அழுத்திய பட்டன் இரண்டு முறை பதிவானால் அந்தப் பட்டனுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் தேய்ந்துவிட்டது. திரையில் எல்லாம் சரியாகக் காட்டியும் எதிராளியின் அடிக்கு எப்போதும் பிந்தியே தடுக்கிறீர்கள் என்றால், ஸ்டிக்கைத் திறக்காதீர்கள். தொலைக்காட்சியின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள்.

கடைசியாகச் சொன்னது சிரிப்புக்காக அல்ல. சண்டை விளையாட்டுகள் விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படங்கள், என்ற வேகத்தில் ஓடுகின்றன; ஒரு பிரேம் என்பது 16.67 மில்லி விநாடி. படத்தை அழகுபடுத்தும் வேலைகளைச் செய்துகொண்டிருக்கும் தொலைக்காட்சி இதைப் போலப் பல மடங்கு தாமதத்தைச் சேர்த்துவிடும். போர்ட்டை மாற்ற வேண்டும் என்று கொழும்பிலிருந்து ஆள் பிடித்துப் பணம் அனுப்பத் தயாராக வந்த ஒரு தம்பியின் வீட்டில், தொலைக்காட்சியின் கேம் மோடை இயக்கியதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது. அந்தப் பணத்தில் அவர் பிறகு லீவர் வாங்கினார். அது வேறு கதை.

ஜப்பானிய லீவர், கொரிய லீவர், அமெரிக்க லீவர் என்கிறார்களே, வேறுபாடு என்ன?

ஜப்பானிய லீவர்களில் அதிகம் காணப்படுவது சன்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். தண்டின் அடியில் ஒரு ஸ்பிரிங், அதைச் சுற்றி நான்கு மைக்ரோ சுவிட்ச்கள், அவற்றுக்குக் கீழே தண்டு செல்லும் எல்லையை வகுக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தலையில் 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை. விரல் நுனியால் தள்ளினாலே போதும் என்ற அளவுக்கு இலகுவானது. செய்மிட்சு நிறுவனத்தின் எல்.எஸ்-32 இதை விடச் சற்று இறுக்கமானது. ஹோரி நிறுவனத்தின் ஹயபுசாவையும் இந்தக் குடும்பத்திலேயே சேர்க்கலாம்.

கொரிய லீவர்களில் ஸ்பிரிங் இல்லை. தண்டைச் சுற்றி இருக்கும் தடித்த ரப்பர் வளையமே அதை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. நீங்கள் எவ்வளவு தூரம் சாய்க்கிறீர்களோ அவ்வளவுக்கு ரப்பர் எதிர்த்து நிற்கும். கையை விட்டதும் துள்ளி நடுவுக்கு வந்துவிடும். டெக்கன் விளையாடுபவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் இதுதான்: பின்னோக்கித் தொடர்ந்து தாவும் அசைவில் லீவர் ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்ப வேண்டும், அந்தத் திரும்பலை ரப்பர் உங்களுக்காகச் செய்துவிடுகிறது. வளையத்தை மட்டும் தனியே மாற்றிக்கொள்ளலாம். மென்மையானது முதல் இறுக்கமானது வரை பல தரங்களில் கிடைக்கும். ஆனால் கொரிய லீவர்களில் சில ஆழம் கூடியவை. ஜப்பானிய லீவருக்கெனச் செய்த மெல்லிய பெட்டிக்குள் அவை அடங்காமல் போகலாம். வாங்குவதற்கு முன் பெட்டிக்குள் மேல் தகட்டின் கீழ்ப்புறத்திலிருந்து அடிவரை அடிமட்டம் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அமெரிக்க லீவர்கள் பேஸ்போல் மட்டை போன்ற நீண்ட தலையோடு, முழுக் கையாலும் பிடித்து இழுப்பதற்கு ஏற்றவாறு கனமாக இருக்கும். நம்மிடம் இவை அரிது.

எது சிறந்தது என்று கேட்டால், ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கால்வட்டம், அரைவட்டம் என உருட்டி எடுக்கும் அசைவுகளுக்கு ஜப்பானிய லீவரையும், டெக்கனில் வெட்டி வெட்டி நடப்பதற்குக் கொரிய லீவரையும் நான் சொல்வேன். இதற்கு நேர்மாறாக விளையாடி என்னைத் தோற்கடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

சதுர கேட்டை எண்கோண கேட்டாக மாற்றினால் அசைவுகள் எளிதாகுமா?

சிலருக்கு எளிதாகும், பலருக்கு எளிதானதைப் போலத் தோன்றும். கேட் என்பது தண்டு செல்லக்கூடிய எல்லை. சதுர கேட்டின் நான்கு மூலைகளும் நான்கு மூலைவிட்டத் திசைகள். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கைல் போன்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கீழ்-பின் திசையில் லீவரைப் பிடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டியவருக்குச் சதுர மூலை ஒரு கதிரை போல: தண்டை அங்கே கொண்டுபோய் இருத்திவிட்டால் நழுவாது. எண்கோண கேட்டில் எட்டுத் திசைகளுக்கும் ஒவ்வொரு பள்ளம் இருப்பதால் புதிதாகப் பழகுபவருக்குத் திசை கையில் தட்டுப்படும். ஆனால் மூலைவிட்டங்களுக்கான இடம் ஒடுங்கியதாக உணரப்படும். வட்ட கேட்டில் எதுவும் தட்டுப்படாது. கை தானே திசையை அறிந்திருக்க வேண்டும்.

உண்மையில் மைக்ரோ சுவிட்ச் பதிவாவது தண்டு கேட்டைத் தொடுவதற்கு முன்னரே. கேட்டின் விளிம்பை உரசிக்கொண்டே உருட்டுபவர் தேவைக்கு மேற்பட்ட தூரம் பயணிக்கிறார், திரும்பி வருவதற்கும் அதே தூரத்தைச் செலவழிக்கிறார். ஆகவே எந்த கேட்டாக இருந்தாலும் விளிம்பைத் தேடாமல் விளையாடப் பழகுவதே மேல். கேட் விலை குறைந்த பொருள். கைவிரலால் நான்கு கொளுக்கிகளை விடுவித்துக் கழற்றலாம். ஆகவே முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் இரண்டு நாளில் முடிவு சொல்லாதீர்கள்.

லீவர் தொளதொளவென்று இருக்கிறது. முழு லீவரையும் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜே.எல்.எஃப் வகையில் இறுக்கமான ஸ்பிரிங் ஒன்றைப் போடுவதே பெரும்பாலும் போதுமானது. தண்டின் அடியில் மைக்ரோ சுவிட்ச்களைத் தட்டும் உருளை வடிவப் பிளாஸ்டிக் துண்டுக்குப் பதிலாகச் சற்றுப் பருமனான ஒன்றைப் போட்டால், தண்டு குறைந்த தூரம் சாய்ந்தவுடனேயே திசை பதிவாகும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கழற்றும் முறை இதுதான். லீவரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கவிழ்த்து, கேட்டையும் அதனுடன் சுவிட்ச் தட்டையும் அகற்றுங்கள். தண்டின் நுனியில் ஆங்கில ஈ எழுத்தின் வடிவில் ஒரு சிறு உலோகக் கிளிப் தெரியும். பிளாஸ்டிக் துண்டை ஒரு விரலால் ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்திப் பிடித்துக்கொண்டு, தட்டை முனை ஸ்குறூ டிரைவரால் அந்தக் கிளிப்பைப் பக்கவாட்டில் நெம்புங்கள். நெம்பும்போது மற்றக் கையின் பெருவிரலால் கிளிப்பை மூடிக்கொள்ளுங்கள், அல்லது முழு வேலையையும் ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் கைகளை விட்டுச் செய்யுங்கள். எனது முதல் கிளிப் விறாந்தையின் சீமெந்துத் தரையில் ஒரு தடவை ஒலித்ததை மட்டும் கேட்டேன். அதன் பிறகு அதனை நான் காணவில்லை. அவ்வளவு சிறிய பொருளுக்காக மூன்று வாரம் தபாலுக்குக் காத்திருந்த அனுபவத்தால் சொல்கிறேன், கிளிப் வாங்கும்போது நான்கைந்தாக வாங்குங்கள்.

உருண்டைத் தலையை மட்டும் மாற்றுவது எப்படி?

தண்டின் அடிநுனியில் ஒரு கீறல் இருக்கும். அதில் தட்டை முனை ஸ்குறூ டிரைவரை வைத்துத் தண்டைப் பிடித்துக்கொண்டு, மேலே உருண்டையை இடப்புறமாகச் சுழற்றினால் கழன்றுவிடும். ஐந்து நிமிட வேலை.

பட்டன்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

சன்வாவின் ஓ.பி.எஸ்.எஃப்-30 மிக மெல்லிய அழுத்தத்திலேயே பதிவாகும். விரலைப் பட்டன் மேல் ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் உள்ளவருக்கு அதுவே தொல்லையாகிவிடும். நினையாத நேரத்தில் ஓர் உதை போய்விழும். அப்படிப்பட்டவர்களுக்குச் சற்று இறுக்கமான செய்மிட்சு பட்டன்களைப் பரிந்துரைக்கிறேன்.

பட்டனின் உணர்வை விட நம் ஊரில் முக்கியமானது அதைப் பூட்டும் முறை. பக்கவாட்டுக் கொளுக்கிகளால் கவ்விக்கொள்ளும் வகை மெல்லிய தகட்டுக்கும் மெல்லிய அக்ரிலிக்குக்கும் ஏற்றது. அடியிலிருந்து நட்டால் இறுக்கும் வகை சில மில்லிமீற்றர் தடிப்புக்கு ஈடுகொடுக்கும். தச்சரிடம் சொல்லிப் பலகையால் பெட்டி செய்விப்பவர்கள் கொளுக்கி வகைப் பட்டன்களை வாங்கிவிட்டு, அவை பலகையில் கவ்வாமல் ஆடுவதைக் கண்டு பட்டனைக் குறை சொல்கிறார்கள். குறை பட்டனில் இல்லை.

இரவில் விளையாடினால் வீட்டார் திட்டுகிறார்கள். சத்தத்தைக் குறைக்க வழியுண்டா?

சத்தம் குறைந்த பட்டன்கள் தனியே விற்கப்படுகின்றன. சன்வாவில் அவற்றின் பெயர் ஓ.பி.எஸ்.எஃப்.எஸ்-30. இருப்பதையே வைத்துச் சமாளிக்க வேண்டுமானால், பட்டனின் மேற்பகுதியைக் கழற்றி, அது கீழே மோதும் இடத்தில் மெல்லிய நுரை வளையத்தை வைக்கலாம். பெட்டியின் அடியில் நுரைத்தாள் ஒன்றை விரித்தால் உள்ளே எதிரொலிப்பதும் குறையும். கொதிக்கும் காலத்தில் யன்னலைத் திறந்து வைத்தே விளையாடும் நமக்கு இது அயலவருக்கும் செய்யும் உபகாரம்.

பட்டன்களை எப்படி வரிசைப்படுத்த வேண்டும்?

1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆறு பட்டன்களைப் பயன்படுத்தியது: மேல் வரிசையில் மெல்லிய, நடுத்தர, பலத்த குத்துகள், கீழ் வரிசையில் அதே ஒழுங்கில் உதைகள். 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வரை அந்த ஒழுங்கு நிற்கிறது. டெக்கனுக்கு நான்கு பட்டன்களே போதும். இரண்டு கைகளுக்கும் இரண்டு கால்களுக்கும் ஒவ்வொன்று. மீதமுள்ளவற்றில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டிய அசைவுகளை வைத்துக்கொள்ளலாம். துளையிடும்போது நான்கு விரல்களையும் ஒரு தாளில் இயல்பாக வைத்து, விரல் நுனிகளைப் பென்சிலால் குறித்து, அந்த வளைவுக்கு அருகில் உள்ள வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். சின்ன விரல் குட்டையாக இருப்பவருக்கு நேர் வரிசை வலிக்கும்.

போர்ட்டை மாற்ற வேண்டும் என்று எப்போது முடிவு செய்வது?

மூன்று சந்தர்ப்பங்களில். ஸ்டிக் உங்கள் இயந்திரத்தோடு பேச மறுத்தால். தொலைக்காட்சியைச் சரிசெய்த பின்பும் தாமதம் இருந்தால். அல்லது போர்ட் செத்துப்போனால்.

கணினியில் விளையாடுபவருக்குக் கவலை குறைவு, யூ.எஸ்.பி வழியே இணையும் ஏறத்தாழ எந்த ஆர்கேட் போர்ட்டும் வேலை செய்யும். பிளேஸ்டேஷன் 4 வேறு. இணைக்கப்பட்ட கன்ட்ரோலர் அங்கீகாரம் பெற்றதா என்று அது சரிபார்க்கும். பெறாததாக இருந்தால் சுமார் 8 நிமிடங்களில் துண்டித்துவிடும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்தபோது திடீரென லீவர் செத்துவிட்டது என்று வந்த மூவரில் இருவருக்கு இதுவே காரணம். பிளேஸ்டேஷன் 5இல் பிளேஸ்டேஷன் 4க்கான ஸ்டிக்குகள் பழைய விளையாட்டுகளுக்கு வேலை செய்யும். புதியவற்றில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போன்ற சில சண்டை விளையாட்டுகள் மட்டும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன. புரூக் நிறுவனத்தின் போர்ட்டுகள் பல இயந்திரங்களோடு ஒத்துப்போவதற்காகவே செய்யப்படுகின்றன, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

மலிவான வழி ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு போர்ட்டில், ஜி.பி.2040-சி.இ என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அது தரமான ஆர்கேட் போர்ட்டாகிவிடும். பிக்கோவில் உள்ள பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கணினியில் செருகினால் அது ஒரு பென் டிரைவ் போலத் தோன்றும்; மென்பொருள் கோப்பை அதில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தியபடி மீண்டும் செருகி, உலாவியில் 192.168.7.1 என்ற முகவரியைத் திறந்தால் ஒவ்வொரு பட்டனையும் விரும்பியபடி ஒதுக்கலாம். அது சேர்க்கும் தாமதம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. இதற்கு மாறாக, தாமதமே இல்லை என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு விற்கப்படும் மலிவான போர்ட்டுகள் அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடப்பதில்லை. பழகுவதற்கு அவை போதும்; பெயரை நம்பி வாங்காதீர்கள்.

வயர்களை நானே இணைக்கலாமா? மின்சாரம் தாக்காதா?

யூ.எஸ்.பி வழியே வருவது 5 வோல்ட். அது உங்களைத் தாக்காது, ஆனால் தவறாக இணைத்தால் போர்ட்டைக் கொன்றுவிடும்.

ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு முனைகள் உண்டு. எந்த முனையில் எந்த வயர் என்ற பேதம் இல்லை. ஒரு முனை போர்ட்டில் அந்தப் பட்டனுக்குரிய இடத்துக்குச் செல்லும். மற்ற முனை எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவான தரை வயருக்குச் செல்லும். அந்த ஒரே வயரைச் சங்கிலி போல ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்குத் தாவவிட்டு இறுதியில் போர்ட்டின் தரைமுனையில் சேர்த்தால் போதும். ஜே.எல்.எஃப் லீவரிலிருந்து ஐந்து வயர்கள் வரும்: திசைக்கு ஒன்றாக நான்கு, தரை ஒன்று. பூட்டிய பின் மேலே தள்ளினால் கீழே போகிறது என்றால் பதற வேண்டாம். லீவர் திரும்பிய நிலையில் பூட்டப்பட்டிருக்கிறது, வயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும். பிக்கோவில் பட்டன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. அவற்றில் 5 வோல்ட் வயரைத் தொடவைக்கக் கூடாது.

பட்டனின் முனைகளில் பற்றாசு பிடிக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் உருகி முனை ஆடத் தொடங்கும். செருகு முனைகளையே பயன்படுத்துங்கள். ஜப்பானியப் பட்டன்களுக்கு 2.8 மில்லிமீற்றர் அளவும் அமெரிக்கப் பட்டன்களுக்குப் பெரும்பாலும் 4.8 மில்லிமீற்றர் அளவும் பொருந்தும். வாகன மின்வேலைக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இவற்றை விடப் பெரியவை. குறட்டால் நசுக்கிப் பொருத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் மாரிகாலம் வரும்போது வருந்துவார்கள்.

லீவரே இல்லாத, பட்டன்கள் மட்டுமுள்ள பெட்டியாக மாற்றலாமா?

மாற்றலாம். இடம், கீழ், வலம் ஆகிய மூன்றையும் இடக்கை விரல்களுக்கும், குதிப்பதைப் பெருவிரலுக்கும் கொடுப்பதே வழக்கம். லீவர் பயணிக்கும் தூரம் இல்லாததால் திசைகள் துல்லியமாக விழும். ஆனால் லீவரில் நடக்க முடியாத ஒன்று இங்கே நடக்கும்: இடத்தையும் வலத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தலாம். அப்போது என்ன பதிவாக வேண்டும் என்பதை போர்ட்டே தீர்மானிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நீக்கி எதுவும் பதிவாகாமல் இருப்பது ஒரு முறை. கடைசியாக அழுத்தியது வெல்வது இன்னொரு முறை. போட்டிகளில் கலந்துகொள்ள எண்ணம் உள்ளவர் முதல் முறையிலேயே பழகட்டும். போட்டி விதிகளோடு முரண்படாத முறை அதுவே.

பெட்டியை இங்கேயே செய்விக்க முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். உடலுக்கு முதிரையோ தேக்கோ கிடைத்தால் நல்லது. பாரம் கூடினாலும் மடியில் அசையாமல் இருக்கும். எம்.டி.எஃப் பலகை வெட்டுவதற்கு எளிது. ஆனால் கச்சான் காற்றில் காய்ந்து கிடந்துவிட்டு மாரியில் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். எல்லா ஓரங்களையும், குறிப்பாகத் துளைகளின் உட்புறத்தையும், வார்னிஷால் அடைக்காமல் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

லீவரையும் பட்டன்களையும் தாங்கும் மேல் தகட்டை மட்டும் மெல்லிய உலோகத்தாலோ அக்ரிலிக்காலோ செய்யுங்கள். தடித்த பலகையின் கீழ் லீவரைப் பூட்டினால் மேலே தண்டு குட்டையாகிவிடும். பலகைதான் வேண்டுமென்றால் லீவர் அமரும் இடத்தை அடியிலிருந்து குடைந்து மெல்லியதாக்கும்படி தச்சரிடம் சொல்லுங்கள். விளையாட்டுப் பெட்டி என்று சொல்லாமல் அளவோடு வரைபடத்தைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் தமக்குத் தெரிந்த நகைப்பெட்டியைச் செய்து தருவார். அக்ரிலிக்கைப் பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசரால் வெட்டுவிக்கலாம். வீட்டில் துளையிடுவதானால் மேலே ஒட்டிய தாளை உரிக்காமல், அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து, மெதுவாகத் துளையுங்கள். அவசரப்பட்டால் விரிசல் நிச்சயம். வரைபடத்தை அச்சிடும்போது நூறு வீத அளவில் அச்சாகியிருக்கிறதா என்று அடிமட்டத்தால் சரிபாருங்கள். நான் ஒருமுறை பார்க்கவில்லை, எட்டுப் பட்டன்களும் 29 மில்லிமீற்றர் துளைகளின் முன்னால் நின்றன.

ஓட்டோக்களுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் கடைகளில் உங்கள் படத்தையும் அடித்துக்கொள்ளலாம். அதைத் தெளிந்த அக்ரிலிக்கின் கீழ் வைத்தால் உள்ளங்கை வியர்வை படாது. அக்ரிலிக்கை மதுசாரத்தால் துடைக்கக் கூடாது, நாளடைவில் மயிர்க்கோடுகள் விழும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். சாரத்தோடு பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து விளையாடுபவருக்குப் பெட்டி மடியில் வழுக்கிக்கொண்டே இருக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அடியில் ஒட்டினால் அசையாது.

கடற்காற்று ஸ்டிக்கைப் பாதிக்குமா?

பாதிக்கும், மற்ற எதையும் விட அதிகமாக. கோணேசர் கோயில் மலையடியிலிருந்து உட்துறைமுக வீதி வரை நகரில் எங்கே நின்றாலும் கடல் கூப்பிடு தூரத்தில்தான். கொழும்பில் உள்நகரத்து வீட்டில் பல ஆண்டுகள் உழைக்கும் ஸ்டிக் இங்கே இரண்டு மாரிக்குள் இருமத் தொடங்கிவிடும். நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றின் நோய் ஒன்றே: செருகு முனைகளில் பச்சை பூத்திருக்கும், ஈ-கிளிப்பில் துரு ஏறியிருக்கும், மைக்ரோ சுவிட்ச்சின் தொடுமுனை கறுத்து சில நேரம் பதிவாகும், சில நேரம் பதிவாகாது. விளையாடுபவர் தன் விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வெள்ளீயம் பூசிய செருகு முனைகளை வாங்கி, அவற்றுக்குரிய குறட்டால் சரியாக நசுக்கிப் பொருத்துங்கள்; தளர்வான இணைப்புக்குள்தான் உப்பு ஈரம் முதலில் புகும். இணைத்த பிறகு வெளிப்புறத்தில் சிலிக்கன் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். விளையாடாத நாட்களில் ஸ்டிக்கை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அரிசி ஈரத்தை உறிஞ்சுவதை விடத் தவிட்டுத் தூசியைக் கொடுப்பதே அதிகம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்வதானால் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்றின் ஈரம் பனியாகப் படியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முக்கியமாக வாடைக்கு முன்னர், அடிப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மல்டிமீற்றரை இணைப்புப் பார்க்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு பட்டனையும் மெதுவாக அழுத்துங்கள். ஒலி தடுமாறும் பட்டனை மட்டும் மாற்றினால் போதும். ஒளியால் இயங்கும் லீவர்களில் உரசும் உலோகத் தொடுமுனைகள் இல்லை. நம் ஊருக்கு அவை நல்ல தெரிவு, ஆனால் அவற்றுக்குத் தனியே 5 வோல்ட் வயர் கொடுக்க வேண்டும்.

லீவர் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது. அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். தையல் இயந்திர எண்ணெயும் வேண்டாம். கனிம எண்ணெய் ரப்பரை ஊதச் செய்யும். பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத சிலிக்கன் கிரீஸைப் பயறளவு எடுத்துத் தண்டு சுழலும் மூட்டில் மட்டும் தடவுங்கள். மைக்ரோ சுவிட்ச்களில் படக் கூடாது.

உதிரிப் பாகங்களை எங்கே வாங்குவது? போலிகளை எப்படி அறிவது?

வயர், பற்றாசு, மல்டிமீற்றர் ஆகியவை நகரிலேயே கிடைக்கும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் செருகு முனைகளும் சிறு போர்ட்டுகளும் தேடினால் அகப்படும். லீவரையும் பட்டன்களையும் பெரும்பாலும் இணையத்தின் வழியே வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும். தபாற்செலவும் வரியும் பொருளின் விலையை எட்டிப் பிடிக்கும் என்பதால், மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பொதியாக எடுப்பியுங்கள். ஒன்றாக எடுப்பித்தாலும் ஒவ்வொன்றாகவே பூட்டுங்கள்.

பெயர் பெற்ற பட்டன் என்று சொல்லி ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய எட்டில் எட்டுமே போலி. அசலில் வார்ப்பு எழுத்துகள் கூர்மையாக இருக்கும், அழுத்தும்போது எட்டுப் பட்டன்களும் ஒரே குரலில் பேசும். எனக்கு வந்தவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் பேசின. அசலின் விலையில் பாதிக்கும் கீழே எவராவது விற்றால் காரணம் இருக்கிறது.

எனக்கு இடக்கைப் பழக்கம். லீவரை வலப்பக்கம் வைக்கலாமா?

பெட்டியைச் செய்விப்பதானால் வைக்கலாம். ஆயினும் எனக்குத் தெரிந்த இடக்கைக்காரர்கள் வழக்கமான அமைப்பிலேயே பழகி, லீவர் தங்கள் நல்ல கையில் இருப்பதாக மகிழ்கிறார்கள்.

லீவர், ஸ்பிரிங், கேட் எல்லாம் மாற்றினேன். இன்னும் டிராகன் பஞ்ச் வரவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

ஒரு மாதத்துக்கு எதையும் மாற்றாதீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் எழும்பிக் குத்தும் அந்த அசைவு முன், கீழ், கீழ்-முன் என்ற மூன்று திசைகள், பிறகு ஒரு குத்து. பயிற்சித் திரையில் பாருங்கள், பெரும்பாலும் மூன்றாவது திசையில் நிற்காமல் முன்னோக்கி வழுக்கியிருப்பீர்கள், அல்லது குத்தை முந்தி அழுத்தியிருப்பீர்கள். உருண்டையை முழுக் கையாலும் இறுக்கிப் பிடிப்பவர் தண்டை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் விட்டு, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துப் பிடித்துப் பார்க்கட்டும்.

கழற்றிய பழைய பாகங்களை எறியாமல், பெயரும் திகதியும் எழுதிய பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். மாதம் முடிந்தும் கை ஒத்துவரவில்லை என்றால் பழைய ஸ்பிரிங்கை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். இறுக்கமான ஸ்பிரிங்குக்கு மாறியவர்களில் இருவர் அவ்வாறு பழையதற்கே திரும்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் நான்.